ஐஸ் இல்லாத கரை
(யூபிலி விழாக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி என்பது இழந்த காணிக்கு மனிதன் திரும்பிச் செல்லும் ஆண்டு என்று பழைய ஏற்பாடு கூறுகிறது. தங்கள் துறைக்குத் திரும்ப 27 ஆண்டுகள் காத்திருந்த மீனவர்களைக் குறித்து இன்று நாம் சிறிது சிந்திப்போம். அவர்கள் நமக்கு அந்நியரல்லர். நமக்கு அருகே கும்மிடிப்பூண்டி முகாமில் வாழும் ஈழத்துச் சகோதரர்களின் இனத்தார் அவர்கள்.

காங்கேசன்துறைக்கு அருகே மயிலிட்டி என்றொரு மீன்பிடித் துறை உண்டு. 1990 ஜூனில் போர் மூண்டபோது மக்கள் ஊரைவிட்டு வெளியேறினார்கள். துறை இராணுவப் பாதுகாப்பு வலயத்துக்குள் அடங்கிற்று. அதே ஆண்டில் யாழ்தேவி ரயில் நின்றது, தெற்கிலிருந்து வந்த மின்சாரமும் அற்றுப்போயிற்று, மண்ணெண்ணெயும் அரிதாயிற்று.

மின்சாரம் போனால் விளக்குத்தானே போகும் என்று எண்ணலாம். அப்படியன்று. மின்சாரம் இல்லையேல் ஐஸ் இல்லை. ஐஸ் இல்லையேல் இறாலுக்கும் நண்டுக்கும் விலை இல்லை. நம் வலைக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ரயில் இல்லையேல் வெளியூர்ச் சந்தை இல்லை. எண்ணெய் இல்லையேல் எஞ்சின் ஓடாது. ஆஸ்பத்திரி ஜெனரேட்டரும் ஓடாது. பிள்ளைகள் ஜாம் போத்தலில் திரியிட்டுப் படித்தார்கள். எங்கோ ஒரு கம்பி அறுந்தால் இங்கே அடுப்பு அணைகிறது.

2009 மே மாதத்தில் போர் முடிந்தது. தண்டவாளங்களைப் பெயர்த்துப் பதுங்கு குழிகளுக்குப் பயன்படுத்தியிருந்தார்கள். நம் நாட்டு இர்கான் நிறுவனம் பாதையைப் புதிதாய் அமைக்க, 2014 அக்டோபர் 13-ல் ரயில் யாழ்ப்பாணம் சேர்ந்தது. மயிலிட்டித் துறையோ 2017 ஜூலையில்தான் விடுவிக்கப்பட்டது. ரயில் திரும்ப ஐந்து ஆண்டு. மீனவன் திரும்ப எட்டு ஆண்டு. எளியவனுக்குக் கடைசியில்தான் கதவு திறக்கிறது. அதற்குள் முகாம்களில் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. எங்கே பாறை, எந்தக் காற்றுக்கு எந்த வலை என்று மகனுக்குக் காட்டிக்கொடுக்கத் தகப்பனுக்குத் தன் துறை இல்லை. இன்னொன்றையும் நாம் மறைக்கலாகாது. வடபகுதி மீனவர்கள் மீண்டும் கடலில் இறங்கியபோது, அவர்கள் வலைகளை அறுத்தவற்றுள் நம் தமிழ்நாட்டு இழுவைப் படகுகளும் உண்டு.

அன்பானவர்களே, கம்பத்தையும் பாலத்தையும் அரசாங்கம் மீண்டும் நிறுத்தலாம். ஒருவர் வயிற்றில் ஒருவர் அடிக்காமல் தொழில் செய்யும் ஒழுங்கை எந்த இஞ்சினியரும் கட்டித்தர முடியாது. நம் ஏரியில் முறை வைத்து வலையிடும் பாடு அத்தகைய ஒழுங்கு. 2004 சுனாமியில் படகையும் வலையையும் இழந்த நமக்கு, கரை மீண்டும் எழ எது தேவை என்பது தெரியும். பாட்டைச் சண்டையால் உடைக்காமல் காப்போம். விழாச் செலவில் ஒரு பங்கைக் குறைத்து, முகாம் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுப்போம். அதுவே நம் யூபிலிக்கு ஏற்ற காணிக்கை.

இறைவன் நம் கரையையும் அவர்கள் கரையையும் ஆசீர்வதிப்பாராக!