ஆகாரைப் பெயர் சொல்லி அழைத்தது யார்?



விவிலியப் பெண்களை இலக்கியமாக வாசிப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். பெண்கள் நிறைய, நேரம் குறைவு. அதனால் ஒருத்தியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஆகார். ஆதியாகமம் 16, 21 ஆகிய இரண்டு அதிகாரங்களில் வருகிறவள்.

இலக்கியமாக வாசிப்பது என்றால் விசுவாசத்தைக் கழற்றி வைத்துவிட்டு வாசிப்பது என்று சிலர் பயப்படுகிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. ஒரு சிறுகதையை வாசிக்கும்போது கேட்கிற சாதாரணக் கேள்விகள்தான். யார் பேசுகிறார்? யாருக்குப் பெயர் இருக்கிறது? யாரை யார் எப்படிக் கூப்பிடுகிறார்கள்? பாத்திரம் சொல்வதும் கதைசொல்லி சொல்வதும் ஒன்றுதானா?

கதை உங்களுக்குத் தெரியும். சாராய்க்குக் குழந்தை இல்லை. தன் எகிப்திய அடிமைப்பெண்ணைக் கணவன் ஆபிராமுக்குக் கொடுக்கிறாள். அவள் கருவுறுகிறாள். கருவுற்ற பின் எஜமானி மேல் இருந்த மதிப்பு அவளுக்குக் குறைந்துவிடுகிறது. சாராய் புருஷனிடம் முறையிட, உன் அடிமை உன் கையில்தானே இருக்கிறாள், இஷ்டப்படி செய்துகொள் என்று அவர் ஒதுங்கிக்கொள்கிறார். சாராய் ஒடுக்குகிறாள். ஆகார் ஓடிப்போகிறாள்.

இதை வைத்து எத்தனை பிரசங்கம் கேட்டிருப்போம்! சாராய் அவசரப்பட்டாள், ஆகார் அகந்தை கொண்டாள், நாம் பொறுமையாக இருப்போம். முடிந்தது. அந்தப் பெண்ணிடம் சம்மதம் கேட்டார்களா என்று ஒரு போதகரும் கேட்டு நான் கேட்டதில்லை.

இப்போது பெயரைக் கவனியுங்கள். கதைசொல்லி அவளை ஆகார் என்கிறார். ஆபிராமும் சாராயும் இரண்டு அதிகாரங்களிலும் ஒருமுறைகூட அந்தப் பெயரைச் சொல்வதில்லை. அவர்களுக்கு அவள் 'அடிமைப்பெண்' மட்டும்தான். அவளைப் பெயர் சொல்லி அழைக்கும் முதல் குரல், வனாந்தரத்தில் நீரூற்றின் அருகே கேட்கும் தேவதூதனின் குரல். எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று அவளிடம் கேட்பதும் அந்தக் குரல்தான். என் பாட்டி அறுபது வருஷம் அடுத்தவர் வயலில் வேலை செய்தவர். அந்த வயல்களில் யாருக்காவது அவர் பெயர் தெரிந்திருக்குமா என்று இந்த இடம் வரும்போதெல்லாம் யோசிப்பேன்.

இன்னொன்று. விவிலியத்தில் கர்த்தருடைய தூதன் முதன்முதலாகத் தோன்றுவது இங்கேதான். அவன் தோன்றியது கோத்திரத் தலைவருக்கு அல்ல, ஓடிப்போன கர்ப்பிணி அடிமைக்கு. கடவுளுக்கு முதலில் பெயர் சூட்டுவதும் அவள்தான். தன்னைக் காண்கிறவர் என்ற பொருளில் அந்தப் பெயரை வைக்கிறாள். இன்று அதை நாள்காட்டியிலும் ஆட்டோவின் பின்னாலும் எழுதி வைத்திருக்கிறோம். வைத்தவள் யார் என்பது மறந்துவிட்டது.

அடுத்தது, அதிகாரங்களின் வரிசை. 15ஆம் அதிகாரத்தில் கடவுள் ஆபிராமிடம் முன்னறிவிக்கிறார்: உன் சந்ததி அந்நிய தேசத்தில் 400 வருஷம் அடிமையாக ஒடுக்கப்படும். பக்கத்தைத் திருப்பினால் அதே ஆபிராமின் கூடாரத்தில் ஓர் எகிப்தியப் பெண் அடிமையாக ஒடுக்கப்படுகிறாள். சாராய் அவளை ஒடுக்கியதற்கு எபிரேயத்தில் எந்த வினைச்சொல்லோ, எகிப்தியர் இஸ்ரவேலரை ஒடுக்கியதற்கு யாத்திராகமத்தில் அதே வினைச்சொல். விடுதலைக் கதை தொடங்கும் முன்பே, விடுதலைக்குரிய மக்களின் மூதாதை வீட்டில் நடந்ததை இந்தப் பிரதி மறைக்காமல் வைத்திருக்கிறது.

ஆனால் இதை வெறும் நல்ல செய்தியாக்கி உங்களிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பெயர் சொல்லி அழைத்த அதே தூதன், எஜமானியிடம் திரும்பிப் போய் அடங்கி இரு என்கிறான். அமெரிக்காவில் அடிமை முறைக்கு வக்காலத்து வாங்கிய போதகர்கள் பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான். தப்பி வந்த அடிமையை எஜமானிடம் ஒப்படைக்காதே என்று அதே விவிலியத்தில் உபாகமம் 23இல் சட்டமே இருக்கிறது. அதை அவர்கள் காட்டவில்லை.

டெலோரஸ் வில்லியம்ஸ் என்ற கறுப்பினப் பெண் இறையியலாளர் 1993இல் 'வனாந்தரத்துச் சகோதரிகள்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் எழுதினார். அவர் இந்த முள்ளை மழுப்பவில்லை. கடவுள் ஆகாரை விடுவிக்கவில்லை, பிழைத்திருக்க வழி காட்டினார், அவ்வளவுதான் என்றார். எஜமானர்களுக்காகப் பிள்ளை சுமந்த, எஜமானிகளின் பிள்ளைகளை வளர்த்த கறுப்பினப் பெண்கள் ஏன் தலைமுறை தலைமுறையாக ஆகாரைத் தங்களவளாக எடுத்துக்கொண்டார்கள் என்பதை அவர் அங்கிருந்துதான் விளக்குகிறார். கடவுள் எல்லா ஒடுக்கப்பட்டவர்களையும் விடுவிக்கிறார் என்று ஆண் இறையியலாளர்கள் எழுதியபோது, ஆகாரையும் சேர்த்துத்தான் சொல்கிறீர்களா என்பது அவர் கேள்வி.

21ஆம் அதிகாரத்தில் சாராள் (இப்போது பெயர் மாறிவிட்டது) இந்த அடிமையையும் அவள் மகனையும் துரத்திவிடும்படி சொல்கிறாள். ஆபிரகாமுக்கு வருத்தம், மகனை நினைத்து. கடவுளும் சாராள் சொல்வதைக் கேள் என்கிறார். அவரும் ஆபிரகாமிடம் பேசும்போது 'அடிமைப்பெண்' என்றுதான் சொல்கிறார். அப்பமும் ஒரு துருத்தித் தண்ணீரும் கொடுத்து அனுப்புகிறார்கள். பெரும் செல்வந்தர் வீட்டிலிருந்து வருகிறவளுக்கு அவ்வளவுதான். தண்ணீர் தீர்கிறது. பிள்ளையை ஒரு செடியின் கீழ் விட்டுவிட்டு, அவன் சாவதைப் பார்க்க முடியாமல் அம்பு பாயும் தூரத்தில் போய் உட்கார்ந்து அழுகிறாள். மறுபடியும் அந்தக் குரல். மறுபடியும் பெயர் சொல்லி.

பிற்காலத்தில் பவுல், கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் 4ஆம் அதிகாரத்தில் ஆகாரை அடிமைத்தனத்தின் உருவகமாக்கினார். அடிமையைத் துரத்து என்ற சாராளின் பேச்சை, வேதம் சொல்வதாக எடுத்துக் காட்டினார். ஒரு எஜமானியின் கோபப் பேச்சு அப்படித்தான் வேதவாக்கானது. கதைக்குள் வருகிற ஒருத்தியின் பேச்சையும் கதையின் பேச்சையும் பிரித்துப் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் சபைகள் நம் ஊரில் இன்னும் இருக்கின்றன. அங்கே யாருடைய பேச்சு வேதமாக வாசிக்கப்படுகிறது என்று கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.

ஆதியாகமத்தில் ஆகார் செய்வதாக வரும் கடைசிக் காரியம் ஒரே வாக்கியம். வளர்ந்த மகனுக்கு அவளே பெண் தேடுகிறாள். ஆபிரகாமின் உறவில் இல்லை. எகிப்திலிருந்து, தன் சனத்திலிருந்து.