விளையாட்டாய்ப் பிறந்து வழக்கில் நிலைத்த சொற்கள்



காலை உணவையும் நண்பகல் உணவையும் சேர்த்து ஒரே வேளையாக உண்பதை ஆங்கிலத்தில் ‘பிரஞ்ச்’ என்கிறோம். பசியால் வரும் சினத்தை ‘ஹாங்கிரி’ என்கின்றனர் இளையர். கலக்கந்தரும் செய்திகளைக் கைப்பேசியில் ஓயாது தேடிப் படித்தல் ‘டூம்ஸ்க்ரோலிங்’ எனப்படுகிறது. வேடிக்கையாகத் தோன்றிய இச்சொற்கள் இன்று அகராதிகளில் இடம்பெற்றுள்ளன. இவற்றோடு பிறந்து, இவற்றைப் போலவே சிரிப்பூட்டி, சுவடின்றி மறைந்தவை எண்ணற்றவை. எவை நிலைக்கின்றன, ஏன் நிலைக்கின்றன என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

லூயிஸ் கரோல் 1871இல் வெளியிட்ட ‘த்ரூ த லுக்கிங் கிளாஸ்’ நூலில், ஹம்ப்டி டம்ப்டி என்னும் பாத்திரம் ஆலிசுக்குச் சொல்லிலக்கணம் கற்பிக்கிறது. இரண்டு பொருள்களை ஒரு சொல்லுக்குள் அடைப்பதை, இரு பக்கமாகத் திறக்கும் பயணப்பெட்டிக்கு அது ஒப்பிடுகிறது. அப்பெட்டியின் பெயரான ‘போர்ட்மாண்டோ’ என்பதே இவ்வகைக் கலப்புச் சொற்களுக்கு ஆங்கிலத்தில் பெயராயிற்று. அந்நூலின் ஒரே பாட்டில் பிறந்த இரு சொற்களைக் காண்போம். அடக்கிச் சிரித்தலைக் குறிக்கும் ‘சக்கிள்’, மூக்கால் ஒலியெழுப்புவதைக் குறிக்கும் ‘ஸ்நார்ட்’ ஆகிய இரண்டும் கலந்து ‘சார்ட்டில்’ ஆயிற்று. அது இன்றும் வாழ்கிறது. சினத்தைக் குறிக்கும் இரு சொற்களைக் கலந்து ஆக்கிய ‘ஃப்ரூமியஸ்’ பொது வழக்கில் நிலைக்கவில்லை. காரணம் என்ன? ‘சக்கிள்’, ‘கிகிள்’ எனச் சிரிப்பைக் குறிக்கும் சொற்குடும்பம் ஒன்று ஆங்கிலத்தில் முன்னரே உண்டு. ‘சார்ட்டில்’ அக்குடும்பத்துப் பிள்ளை போலவே ஒலிக்கிறது. அதே வேளையில், வேறெந்தச் சொல்லும் குறிக்காத ஒரு சிரிப்பைக் குறிக்கிறது. சினத்திற்கோ ஆங்கிலத்தில் சொற்பஞ்சம் இல்லை.

கலப்பிலும் ஓர் ஒழுங்கு உண்டு. பெரும்பாலும் முதற்சொல்லின் தலையும் இரண்டாம் சொல்லின் வாலும் சேரும். ‘பிரேக்ஃபஸ்ட்’ ஈந்தது தொடக்க மெய்களை மட்டுமே. ‘லஞ்ச்’ தன் உயிரொலியையும் ஈற்றையும் தந்தது. அதனால் புதுச்சொல் பழஞ்சொல்லோடு எதுகை பாடுகிறது. புகையும் மூடுபனியும் கலந்த ‘ஸ்மாக்’ அவ்வாறே ‘ஃபாக்’ என்பதோடு ஒத்திசைக்கிறது. தமிழிலக்கணம் கூறும் மரூஉ இதனின் வேறு. தஞ்சாவூர் ‘தஞ்சை’ ஆனது நாவின் பழக்கத்தால் நேர்ந்த தேய்வு. கலப்புச்சொல்லோ அறிந்தே செய்யும் ஆக்கம். மலாய்மொழி அறிந்தோர்க்கு இது புதிதன்று. ‘செரித்தா பெண்டெக்’ என்னும் சிறுகதை ‘செர்பென்’ ஆனதை நாம் அறிவோம்.

இனி, மறைந்தவற்றை நோக்குவோம். ‘ப்ளர்ப்’ என்னும் சொல்லை 1907இல் ஆக்கியவர் அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர் ஜெலட் பர்ஜஸ். நூலட்டையில் அச்சிடும் புகழுரையை அது குறிக்கிறது. பின்னர் 1914இல், தாம் ஆக்கிய புதுச்சொற்களுக்கென்றே ஓர் அகராதி வெளியிட்டார். பெயர் நினைவுக்கு வாராத ஆளைக் குறிக்க அவர் தந்த சொல் ‘ஊஃபில்’. அத்தகைய ஆளை நாம் அனைவரும் நாள்தோறும் சந்திக்கிறோம். ஆயினும் அச்சொல்லை ஒருவரும் வழங்கவில்லை. ‘ப்ளர்ப்’ மட்டும் பிழைத்தது. பதிப்பாளரும் நூல்விற்பனையாளரும் அதனைத் தம் அன்றாடத் தொழிற்சொல்லாக ஏற்றுக்கொண்டனர். தேவை மட்டும் சொல்லை வாழவைப்பதில்லை. அதனை நாள்தோறும் கையாளும் ஒரு கூட்டமும் வேண்டும்.

அமெரிக்கக் கிளைமொழிக் கழகம் 1990 முதல் ஆண்டுதோறும் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து வருகிறது. முதலாண்டுத் தேர்வு ‘புஷ்லிப்ஸ்’. வரி உயர்த்தமாட்டேன் என்று உறுதியளித்துப் பின்னர் உயர்த்திய அதிபர் புஷ்ஷை எள்ளி, அரசியல்வாதியின் பொய்யுரைக்கு அச்சொல்லைச் சூட்டினர். 2006இல் கோள் என்னும் தகுதியைப் புளூட்டோ இழந்தபோது, பதவியிறக்கம் பெறுவதைக் குறிக்கும் ‘புளூட்டோட்’ தேர்வாயிற்று. இரண்டும் இன்று வழக்கில் இல்லை. அக்கழகத்தைச் சார்ந்த ஆலன் மெட்காஃப் 2002இல் எழுதிய நூலில், ஒரு புதுச்சொல்லின் ஆயுளைக் கணிக்க ஐந்து அளவுகோல்களைத் தந்தார். அவற்றுள் ஒன்று, சொல் துருத்திக்கொண்டு நிற்கலாகாது என்பது. கேட்டவுடன் சிரிப்பூட்டும் சொல் ‘என்னைப் பார்’ என்கிறது. சிரிப்பு அடங்கியதும் அதற்கு வேலையில்லை.

‘செல்ஃபி’ இதற்குச் சான்று. 2002இல் ஆஸ்திரேலியாவில் எழுத்தில் பதிவான இச்சொல், 2013இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியினரின் ஆண்டுச் சொல்லாயிற்று. ‘பார்பெக்யூ’ என்பதைப் ‘பார்பி’ எனச் செல்லமாகச் சுருக்குவது ஆஸ்திரேலியர் வழக்கம். அவ்வழக்கத்தின் வழியே வந்ததால் ‘செல்ஃபி’ பழகிய சொல் போல் ஒலித்தது. சிங்கப்பூரின் அடுக்குமாடி வாழ்க்கை ஈன்ற ‘கில்லர் லிட்டர்’ என்பதையும் எண்ணிப் பாருங்கள். மேல்மாடியிலிருந்து வீசப்பட்டு உயிருக்கு ஊறு விளைக்கும் குப்பையைக் குறிக்கும் இத்தொடர், 2016இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் ஏறியது. அதன் ஒலியில் விளையாட்டு உண்டு. பொருளிலோ உயிர்ப்பிரச்சினை உண்டு. விளையாட்டை மறந்து எச்சரிக்கையாகவே மக்கள் அதனை வழங்கினர்.

ஆசிரியப் பெருமக்களே, ஒன்றின்பின் நூறு சுழியம் கொண்ட எண்ணுக்குப் பெயர் வைத்தது 9 வயதுச் சிறுவன். கணித அறிஞர் எட்வர்ட் காஸ்னர், தம் உறவுச் சிறுவன் சொன்ன ‘கூகொல்’ என்பதை 1940இல் வெளியான நூலில் பதிவு செய்தார். கூகுள் நிறுவனத்தின் பெயர் அதிலிருந்தே வந்தது. அன்று அச்சிறுவனை யாரேனும் ‘உளறாதே’ என்று அடக்கியிருந்தால் அச்சொல் பிறந்த இடத்திலேயே மடிந்திருக்கும்.

தேர்வுத்தாளில் வழக்குச்சொல்லே வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. எனினும், வகுப்பில் ஒரு பாடவேளையை இவ்விளையாட்டுக்கு ஒதுக்கலாம். மாணவர் ஆக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று வினாக்களை எழுப்பச் செய்யுங்கள். இது குறிக்கும் பொருள் அடுத்த ஆண்டும் இருக்குமா? இதன் ஒலி இம்மொழியின் ஏதேனும் ஒரு சொற்குடும்பத்தைச் சேருமா? இதனை நாள்தோறும் யார் சொல்வர்? இவற்றுக்கு விடை தேடும் மாணவர், அசையும் ஈறும் பொருளும் எவ்வாறு பிணைந்துள்ளன என்பதைத் தாமே கண்டறிவர்.

அதே வினாக்களைத் தமிழுக்கும் எழுப்புவோம். ‘இணை’ என்னும் அடியும் ‘அம்’ என்னும் ஈறும் நமக்குப் பழையவை. அதனால் ‘இணையம்’ இயல்பாக நாவில் அமர்ந்தது. ‘செல்ஃபி’க்குத் தம்படம், சுயமி, தாமி எனப் பல சொற்கள் இன்று போட்டியிடுகின்றன. அவற்றுள் எது வெல்லும் என்பதை எந்த அவையும் ஆணையிட்டு முடிவு செய்ய இயலாது. இங்கு அமர்ந்திருக்கும் மாணவர்கள், நாளை நண்பர்களோடு படமெடுக்கும்போது எதனைச் சொல்கிறார்களோ, அதுவே தமிழாகும்.