அந்நியச் செலாவணி: கையிருப்பும் கெடுவும்

(நமது சங்கத்தின் ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நான் செஞ்சிக்குப் பக்கத்தில் மேல்சித்தாமூர்க்காரன். தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கிற ஊர் என்றால் பலருக்குத் தெரியும். வங்கியில் அந்நியச் செலாவணிப் பிரிவில் பல வருஷம் வேலை பார்த்தவன். அதனாலேயே நாட்டின் டாலர் கையிருப்பைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பயப்படாதீர்கள், பட்டியல் வாசிக்கப் போவதில்லை.

செஞ்சிக் கோட்டைக்குப் போனவர்கள் ராஜகிரி அடிவாரத்தில் தானியக் களஞ்சியத்தைப் பார்த்திருப்பீர்கள். 1690-இல் மொகலாயப் படை கோட்டையை முற்றுகையிட்டது. ராஜாராமின் ஆட்கள் 1698 வரை தாக்குப் பிடித்தார்கள். முற்றுகைக் காலத்தில் களஞ்சியத்தில் எத்தனை மூட்டை என்று மட்டும் கேட்டால் போதுமா? எத்தனை வாய் சாப்பிட இருக்கிறது, எத்தனை நாளைக்கு, வெளியிலிருந்து வண்டி உள்ளே வருமா என்றும் கேட்க வேண்டுமல்லவா? ஒரு நாட்டின் டாலர் கையிருப்பும் அப்படித்தான். அதிலிருந்து ஓராண்டுக்குள் வெளியே போக வேண்டிய தொகைதான் குறுகிய கால வெளிப்போக்கு. அது இரண்டு வகை. ஒன்று, தேதி குறித்தது: கடன் தவணை, வட்டி, இன்ன நாளில் டாலர் தருகிறேன் என்று செய்த முன்பேர ஒப்பந்தம். மற்றொன்று, நேர்ந்தால் மட்டும் போவது: அரசு கொடுத்த ஜாமீன், கடன் கொடுத்தவர் முன்கூட்டியே திருப்பிக் கேட்கும் உரிமை போன்றவை.

நம் கதைக்கு வருவோம். 1991 மார்ச் இறுதியில் இந்தியாவின் கையிருப்பு ஏட்டில் சுமார் 580 கோடி டாலர். அதில் சுமார் 350 கோடி தங்கம். எடுத்துக் கொடுக்கக் கூடிய வெளிநாட்டுப் பணம் சுமார் 220 கோடிதான். குறுகிய காலக் கடனோ சுமார் 850 கோடி! வரவு 2 படி, கெடு 8 படி என்றால் அந்த வீடு எப்படி நடக்கும்?

அதற்கு முந்தின ஆண்டு ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. எண்ணெய் விலை ஏறியது. வளைகுடாவில் வேலை பார்த்த நம் பிள்ளைகள் கையில் ஒரு பையோடு ஊர் திரும்பினார்கள். அவர்கள் அனுப்பிய பணம் நின்றது. வெளிநாட்டு வங்கிகள் குறுகிய காலக் கடனைப் புதுப்பிக்க மறுத்தன. வெளிநாடு வாழ் இந்தியர்களும் டெபாசிட்டை எடுக்க ஆரம்பித்தார்கள். 1991 ஏப்ரல் முதல் ஜூன் வரை 3 மாதத்தில் மட்டும் சுமார் 95 கோடி டாலர் வெளியே போனது. யாரும் சட்டத்தை மீறவில்லை. அவரவர் பணத்தை அவரவர் கேட்டார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டதுதான் வினை.

கடைசியில் என்ன ஆயிற்று? கடத்தல்காரர்களிடம் பிடித்த தங்கத்தில் 20 டன்னை மே மாதம் ஸ்டேட் வங்கி மூலமாகச் சுவிட்சர்லாந்தில் விற்று, திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமையோடு சுமார் 20 கோடி டாலர் பெற்றார்கள். ஜூலையில் ரிசர்வ் வங்கியே சுமார் 47 டன் தங்கத்தைப் பாங்க் ஆஃப் இங்கிலாந்து, பாங்க் ஆஃப் ஜப்பான் ஆகியவற்றிடம் ஈடு காட்டிச் சுமார் 40 கோடி டாலர் வாங்கியது. வீட்டு நகையைச் சேட்டுக் கடைக்குக் கொண்டுபோகிற கதைதான். ஆனாலும் கெடு தவறவில்லை, அந்த ஆண்டு முடிவதற்குள் அடகையும் மீட்டார்கள். இதை வெட்கம் என்று சொன்னவர்கள் உண்டு. கெடு தவறாமல் இருக்கக் கொடுத்த விலை என்றே நான் சொல்வேன்.

1997-இல் தாய்லாந்து இன்னொரு பாடம் சொன்னது. ஏட்டில் 3,000 கோடி டாலருக்கு மேல் காட்டினார்கள். அதில் பெரும்பங்கை முன்பேரத்தில் ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தது வெளியே தெரியவில்லை. ஜூலை 2-ஆம் தேதி பாத் நாணயத்தைக் கைவிட வேண்டியதாயிற்று. அதன் பிறகுதான் சர்வதேச நிதியம் 1999-இல் ஒரு படிவம் கொண்டுவந்தது. கையிருப்பைச் சொன்னால் மட்டும் போதாது. அடுத்த 1 மாதத்தில், 3 மாதத்தில், ஓராண்டுக்குள் எவ்வளவு வெளியே போகும் என்பதையும் பக்கத்திலேயே போட வேண்டும். நம் ரிசர்வ் வங்கியும் அந்தக் கணக்கை வெளியிட்டு வருகிறது.

கடலுக்கு அந்தப் பக்கம் நடந்தது உங்களுக்கே தெரியும். 2021 கடைசியில் இலங்கையின் கையிருப்பு சுமார் 310 கோடி டாலர். அதில் கிட்டத்தட்டப் பாதி, நிபந்தனையோடு வந்த சீன யுவான். கண்ணுக்குத் தெரியும், கைக்கு வராது. 2022 ஜனவரி 18-இல் 50 கோடி டாலர் பத்திரத்தைக் கட்டினார்கள். ஏப்ரல் 12-இல் இனிக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். செலவழிக்கக் கூடியது 5 கோடி டாலர்கூட இல்லை என்று மே மாதம் நிதியமைச்சர் அலி சப்ரி நாடாளுமன்றத்தில் சொன்னார். அதற்குள் கேஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். காகிதம் இறக்குமதி செய்ய டாலர் இல்லாமல் மேல் மாகாணப் பள்ளிகளில் தேர்வு தள்ளிப்போனது. மார்ச்சில் குழந்தைகளோடு படகேறித் தனுஷ்கோடிக் கரைக்கு வந்தவர்களும் நம் தமிழர்களே. ஒரு கணக்கேட்டின் கடைசிப் பத்தி அடுப்பங்கரை வரைக்கும் வருகிறது பாருங்கள்.

இன்று நாம் அந்த நிலையில் இல்லை. 2024 செப்டம்பரில் நம் கையிருப்பு 70,000 கோடி டாலரைத் தாண்டியது. மகிழ்ச்சிதான். அதே சமயம், ரூபாயைத் தாங்கிப் பிடிக்க ரிசர்வ் வங்கி முன்பேரத்தில் தருவதாக ஒப்புக்கொண்ட டாலர், 2025 பிப்ரவரி இறுதியில் சுமார் 8,800 கோடி. இதைச் சொல்வது கிலி கிளப்ப அல்ல. இவ்வளவு பெரிய களஞ்சியத்துக்கு அது தாங்கும். ஆனால் முதல் எண் தலைப்புச் செய்தியில் வரும், இரண்டாவது எண்ணை நீங்கள்தான் தேடிப் படிக்க வேண்டும்.

தம்பி தங்கைகளே, உங்களில் சிலர் நாளைக்கு வங்கிக்குப் போவீர்கள், சிலர் பத்திரிகைக்கு, சிலர் அரசு வேலைக்கு. எங்கே போனாலும் "எவ்வளவு இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். "இதில் யாருக்கு, எந்தத் தேதியில், எவ்வளவு கொடுக்க வேண்டும்? எல்லோரும் ஒரே நாளில் வந்து கேட்டால் என்ன செய்வோம்?" என்றும் கேளுங்கள். நாட்டுக்கும் இதுதான் கேள்வி, கூட்டுறவுச் சங்கத்துக்கும் இதுதான், உங்கள் வீட்டுக்கும் இதுதான்.