முழங்கை வலிக்கு ஊசி மட்டும் போதுமா?



"ஐயா, ஒரு ஊசி போட்டுடுங்க. சாமை குத்தணும், கை தூக்க முடியல." ஜவ்வாது மலையில் கூட்டம் நடத்தப் போனால் யாராவது ஒரு தாயார் இப்படிக் கேட்பதுண்டு. முழங்கையின் வெளிப்பக்கம் வலி. குடத்தைத் தூக்கினால், துணியைப் பிழிந்தால் சுருக்கென்று குத்தும். டாக்டர்கள் இதை டென்னிஸ் எல்போ என்பார்கள். பந்து மட்டையைத் தொடாதவர்களுக்கும் இது வரும். உலக்கை, கொடுவாள், மண்வெட்டி எதையானாலும் இறுகப் பிடித்து ஓயாமல் உழைத்தால், மணிக்கட்டை மேலே தூக்கும் தசைநாண் முழங்கை எலும்பில் சேருமிடத்தில் நைந்துபோகிறது.

ஸ்டீராய்டு ஊசி போட்டால் வலி சீக்கிரம் குறையும், உண்மைதான். ஆனால் 2006-இல் ஆஸ்திரேலியாவில் 198 பேரை வைத்துச் செய்த ஆய்வு வெளியானது. ஊசி போட்டவர்கள் 6 வாரத்தில் நன்றாக இருந்தார்கள். பிறகு பலருக்கு வலி திரும்பியது. ஓராண்டு முடிவில், ஊசி போட்டவர்களைவிட இயன்முறை சிகிச்சையும் பயிற்சியும் பெற்றவர்கள் மேலாக இருந்தார்கள்.

பயிற்சி எப்படி? உட்கார்ந்து, முன்கையைத் தொடைமேல் வையுங்கள். உள்ளங்கை கீழே பார்க்கட்டும்; மணிக்கட்டு முழங்காலுக்கு வெளியே இருக்கட்டும். மற்றக் கையால் அந்தக் கையை மேலே தூக்கிவிட்டு, மெல்ல மெல்லத் தானாகக் கீழே இறக்குங்கள். ஒரு தடவைக்கு 10 முதல் 15 முறை, சற்று ஓய்வெடுத்து மூன்று தடவை. முதலில் வெறுங்கை, பழகியபின் அரைக் கிலோ மணல் கட்டிய துணிப்பையைப் பிடித்துக்கொள்ளலாம். லேசான வலி இருந்தால் பயமில்லை. மறுநாள் வலி கூடினால் எடையைக் குறையுங்கள். 6 முதல் 12 வாரம் விடாமல் செய்யவேண்டும்.

பாரத்தை உள்ளங்கை மேலே பார்க்க, இரண்டு கையாலும் உடம்போடு அணைத்துத் தூக்குங்கள். கொடுவாள் பிடியில் துணி சுற்றினால் இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. முரட்டுத்தனமாக நீவுவதும், முறுக்கி இழுப்பதும் வேண்டாம்.

மூட்டு சிவந்து வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ, விரல் மரத்துப்போனாலோ, விழுந்தபின் கையை நீட்ட முடியாவிட்டாலோ, தாமதிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் உண்டு. நர்ஸம்மாவிடம் கேளுங்கள்.

வீட்டு ஆண்களுக்கு ஒரு வார்த்தை. சாமைச் சோறு எல்லாருக்கும்தான். உலக்கை மட்டும் அம்மாவுக்கா? இந்தச் சில வாரம் நீங்கள் பிடியுங்கள். நைந்த நாண் தேற அதுவும் ஒரு மருந்து.