பனை வளர்ந்த இடத்தில் பனி வந்ததெப்படி?



தென்துருவத்து அண்டார்டிக்கா கண்டம் இன்று சராசரி 2 கிலோமீட்டர் கனமுள்ள பனிக்கட்டிக்கு அடியில் கிடக்கின்றது. ஆதிமுதலே அப்படித்தான் என்று நினைக்கத் தோன்றும். ஆனால், அதன் கரையோரக் கடலடியைத் துளைத்தெடுத்த மண்ணில், சுமார் 5 கோடி வருஷங்களுக்கு முந்திய பனை ஜாதி மரங்களின் மகரந்தம் அகப்பட்டிருக்கின்றது. அங்கே பெரும்பனி பிடித்ததோ சுமார் 3 கோடியே 40 லட்சம் வருஷங்களுக்கு முன்னால்தான்.

இதை யார் இருந்து பார்த்தார்கள் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். ஆழ்கடல் வண்டலில் கிடக்கும் மிகச் சிறு பிராணிகளின் ஓடுகளே சாட்சி. கடல்நீரிலுள்ள பிராணவாயுவில் கனமானது, இலேசானது என்று வகையுண்டு. இலேசானது சுலபமாய் ஆவியாகிப் பனியாய் விழும். அந்தப் பனி நிலத்திலேயே தங்கிவிட்டால் கடலில் கனமானதின் விகிதம் கூடும். நீர் குளிர்ந்தாலும் ஓட்டில் அது கூடும். அக்காலத்து ஓடுகளில் அது சட்டென்று உயர்ந்திருக்கின்றது.

காரணமென்ன? முன்னே அண்டார்டிக்கா ஆஸ்திரேலியாவோடும் தென்னமெரிக்காவோடும் ஒட்டியிருந்தது. நிலங்கள் பிரியவே, டாஸ்மேனியாவுக்குத் தெற்கிலும் டிரேக் ஜலசந்தியிலும் கடல்வழி திறந்தது. கண்டத்தைச் செக்குமாடுபோல் சுற்றும் நீரோட்டம் உண்டாகி, வடக்கேயிருந்து வெப்பம் வராமல் தடுத்தது, அதனால் பனி பிடித்தது என்று ஜேம்ஸ் கென்னட் என்பவர் 1977-ல் எழுதினார். உலகத்து நதிகளெல்லாம் சேர்ந்து கொட்டும் நீரைப்போல் நூறு மடங்குக்கு மேல் இன்று அந்நீரோட்டத்தில் ஓடுகின்றது.

நியாயமாகத் தோன்றுகிறதல்லவா? ஆனால் அறிஞர் சொல்லிவிட்டார் என்று மற்றவர்கள் வாய்மூடியிருக்கவில்லை. 2003-ல் டிகான்டோ, பொல்லார்டு என்ற இருவர் கணக்கிட்டுப் பார்த்தனர். காற்றில் கரியமில வாயு குறைந்ததே பெரிய காரணம், கடல்வழி திறந்தது பனியைச் சற்று முந்தச் செய்திருக்கலாமேயொழிய வேறில்லை என்று ஏற்பட்டது. வாயு ஓர் அளவுக்குக் கீழே இறங்கியதும் மலையுச்சிகளில் பனி தங்கியது; வெள்ளைப் பனி வெயிலைத் திருப்பியடித்தது; அதனால் மேலும் குளிர்ந்தது; மேலும் பனி சேர்ந்தது. இரண்டு காரணங்களின் பங்கையும் இன்றும் அளந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

எந்தக் காலத்துப் பனியோ, நமக்கென்ன என்பீர்கள். வாயு குறைந்ததால் வந்த பனி, வாயு கூடினால் நிற்குமா? 18-ம் நூற்றாண்டில் காற்றின் பத்து லட்சம் பங்கில் சுமார் 280 பங்கிருந்த அவ்வாயு இன்று 420-க்கு மேலாகிவிட்டது. அங்குள்ள பனி முழுதும் உருகினால் கடல் சுமார் 58 மீட்டர் உயரும். அது நாளைக்கே நடப்பதல்ல. ஆயிரக்கணக்கான வருஷக் காரியம். ஆனால் ஓரங்களில் பனி குறைந்து வருவதை இப்போதே அளந்திருக்கிறார்கள்.

ஆகவே தோழர்களே, நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து வாயுவைக் கூட்டுகிறவர்கள் மனிதர்களே. குறைக்க வேண்டியவர்களும் மனிதர்களே. இதை நன்றாய் யோசித்து, சரியென்று பட்டால் ஒப்புக்கொள்ளுங்கள்.