அடிக்குறிப்பும் நம் கையில்

(முதல் தலைமுறை ஆய்வு மாணவர்களுக்கான பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நான் பேச வந்தது துணைநூற்பட்டியல் பற்றி. 'இதுக்கு ஒரு கூட்டமாண்ணே?' என்று வாசலிலேயே ஒரு தம்பி கேட்டுவிட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். பதிலுக்கு என் கதையையே சொல்லிவிடுகிறேன்.

ஆய்வேட்டுக்காக ஆறு வருஷம் குறிப்பெடுத்தேன். நூலகத்தில் பழைய புத்தகத்தை வெளியே தரமாட்டார்கள். ஜெராக்ஸ் எடுக்கக் கையில் காசிருக்காது. நோட்டில் எழுதி எழுதிக் கொண்டுவந்தேன். கடைசியில் எழுத உட்கார்ந்தபோது மேற்கோள் எல்லாம் இருக்கிறது, எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்பது பாதிக்கு மேல் இல்லை. நெறியாளர் இருபது பக்கம் புரட்டிவிட்டு, 'இதெல்லாம் நீயே எழுதுனதா, எங்கேயாவது எடுத்ததா?' என்றார். அதே வாரம் இன்னொரு ஆய்வாளருக்கும் அதே குறை. அவரிடம், 'பக்க எண் விட்டுப்போச்சு, போட்டுருப்பா' என்றார். அவருக்கு வந்தால் மறதி, எனக்கு வந்தால் திருட்டு. அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று இந்த அறையில் யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே நமக்கு அடிக்குறிப்பு என்பது அலங்காரம் அல்ல, சாட்சி. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் எழுத்துத் திருட்டுக்கு எதிராக விதிகள் கொண்டுவந்தது. அதன்படி ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் பகுதி 10 சதவீதத்தைத் தாண்டினால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தரவேண்டும். 40ஐத் தாண்டினால் ஒரு வருஷத்துக்குத் திருத்திய பிரதியையே தரமுடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. இந்த மூன்று எண்ணையும் எல்லோரும் சொல்லி நம்மைப் பயமுறுத்துகிறார்கள். அதே விதியில் இருக்கும் இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. முறையாக ஆதாரம் காட்டிய மேற்கோளும் துணைநூற்பட்டியலும் அந்தக் கணக்கில் சேராது. பக்க எண்ணைக் குறித்து வைத்தவனுக்கு அந்த விதியே பாதுகாப்பு.

1916இல் அம்பேத்கர் கொலம்பியாவில் 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையைப் படித்தபோது அவருக்கு வயது 25. செனார், நெஸ்ஃபீல்டு, ரிஸ்லி, கேட்கர் என்று நான்கு பேருடைய வரையறைகளைப் பெயர் சொல்லி எடுத்துவைத்து, பிறகுதான் ஒவ்வொன்றிலும் குறை காட்டுகிறார். யாரோடு சண்டை போடுகிறோம், எந்த வரியோடு சண்டை போடுகிறோம் என்று காட்டத் தெரிய வேண்டும். மேற்கோள் காட்டுவது என்றால் தலையாட்டுவது என்று நினைக்காதீர்கள்.

சரி, கருவிக்கு வருவோம். மேற்கோள்களை நிர்வகிக்கும் மென்பொருள்கள் பல உண்டு. எண்ட்நோட் விலைக்கு விற்பது. பல்கலைக்கழகம் வாங்கிக் கொடுத்திருந்தாலும் நீங்கள் வெளியே வந்தபின் அந்த உரிமம் நின்றுபோகலாம். மெண்டலி இலவசம், ஆனால் 2013இல் எல்சேவியர் என்ற பெரிய பதிப்பு நிறுவனம் அதை வாங்கிவிட்டது. நான் சிபாரிசு செய்வது ஜோட்டெரோ. 2006இல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்து வரலாற்றுத் துறைக்காரர்கள் வெளியிட்டது. இலவசம், அதன் நிரலும் திறந்தே கிடக்கிறது. 2008இல், அப்போது எண்ட்நோட்டை வைத்திருந்த தாம்சன் ராய்ட்டர்ஸ் இதற்காக அந்தப் பல்கலைக்கழகத்தின் மேல் வழக்குப் போட்டது. 2009இல் வழக்குத் தள்ளுபடியானது. அறிவை அடுக்கிவைக்கும் அலமாரிக்கும் பூட்டுப் போட ஆள் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் இதைச் சொல்கிறேன்.

எப்படி வேலை செய்கிறது? பிரவுசரில் ஒரு கட்டுரையைத் திறந்து பொத்தானை அழுத்தினால் ஆசிரியர், தலைப்பு, ஆண்டு எல்லாம் உள்ளே போய் உட்காரும். புத்தகத்தின் ஐ.எஸ்.பி.என். எண்ணைத் தட்டினாலும் வரும். எழுதும்போது வேர்டிலோ லிப்ரே ஆபீசிலோ வேண்டிய இடத்தில் செருகினால் அடிக்குறிப்பும் பட்டியலும் தானே உருவாகும். பட்டியலை இணையத்தில் சேமிக்க அளவில்லை. பி.டி.எஃப். கோப்புகளுக்கு மட்டும் 300 எம்.பி. வரை இலவசம். மிச்சத்தை உங்கள் கணினியிலும் ஒரு பென்டிரைவிலும் வையுங்கள். விடுதிக் கணினியில் மட்டும் வைத்து வைரஸ் வந்து அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் கருவி சொன்னதை அப்படியே நம்பக்கூடாது. இங்கேதான் படிப்பு தொடங்குகிறது. தமிழ்ப் புத்தகத்தின் எண்ணைப் போட்டால் பல நேரம் தலைப்பு ரோமன் எழுத்தில் மேலே கோடும் கீழே புள்ளியுமாக வரும். தமிழில் மாற்றித் தட்டுங்கள். பழைய இதழுக்கும் துண்டுப் பிரசுரத்துக்கும் எண்ணே கிடையாது. 1907இல் தொடங்கிய 'தமிழன்' இதழை எந்தப் பொத்தானும் பிடித்துத் தராது. இதழ், தேதி, பக்கம், எந்த நூலகத்தில் பார்த்தீர்கள் என்று நாமே தட்ட வேண்டும்.

பெயர் விஷயம் இன்னும் மோசம். இந்த மென்பொருள் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டி வைத்திருக்கிறது. அயோத்திதாசப் பண்டிதரை இரண்டாக வெட்டிப் போட்டால் பட்டியலில் 'பண்டிதர், அ.' என்று வரும். ராஜ் கௌதமன் என்பது புனைபெயர். அதையும் 'கௌதமன், ரா.' என்று வெட்டும். நம்மில் பெரும்பாலோருக்கு அப்பா பெயர்தான் முன்னெழுத்து. குடும்பப் பெயர் கிடையாது, பின்னால் ஒட்டிக்கொள்ளச் சாதிப்பட்டமும் வேண்டாம். பெயர்ப் பெட்டியின் பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் இரண்டு பெட்டியும் ஒன்றாகிவிடும். முழுப்பெயரை அதில் போடுங்கள். 'மாதிரி அப்படித்தானே சொல்லுது சார்' என்பீர்கள். மாதிரி யாருடைய பெயரைப் பார்த்துச் செய்யப்பட்டது என்று திருப்பிக் கேளுங்கள்.

அடுத்தது செயற்கை நுண்ணறிவு. அதனிடம் பத்து நூல் கேட்டால் பத்தும் தரும். அதில் சில உலகத்திலேயே இல்லாத நூலாக இருக்கும். 2023இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கற்பனை செய்த தீர்ப்புகளை நீதிமன்றத்தில் கொடுத்து 5,000 டாலர் அபராதம் வாங்கினார்கள். அவர்களுக்கு அபராதத்தோடு போயிற்று. நம் பிள்ளை மாட்டினால் 'இவங்க எல்லாருமே இப்படித்தான்' என்பார்கள். அதனால் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்வோம். கண்ணால் பார்த்து, பக்கத்தைத் திறந்து, நம் சொல்லில் இரண்டு வரி குறிப்பு எழுதாத எதையும் தொகுப்பில் சேர்க்கக்கூடாது. படித்தோமா இல்லையா என்று மென்பொருளுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்.

கடைசியாக ஒன்று. ஜோட்டெரோவில் நூல், கட்டுரை போலவே நேர்காணல் என்றும் ஒரு வகை உண்டு. சேரியில் ஒரு பாட்டி சொன்ன சேதியையும் பெயர், ஊர், தேதியோடு பதியலாம். பேராசிரியர் பெயருக்குக் கீழே அவர் பெயரும் ஒரு வரியாக நிற்கும். ஆனால் கேட்டு, சம்மதம் வாங்கிப் போடுங்கள். வன்கொடுமை பற்றிப் பேசியவர் பெயரைப் பொதுத் தொகுப்பில் போட்டுவிட்டு நீங்கள் சென்னைக்குப் பஸ் ஏறிவிடுவீர்கள், அவர் அதே ஊரில் இருக்க வேண்டும். குழுத் தொகுப்பு தொடங்கும்போது அது பொதுவா, தனியா என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

அந்தக் குழுத் தொகுப்பை இன்றைக்கே தொடங்கலாம் என்று நினைக்கிறேன். முப்பது பேர் இருக்கிறோம். ஆளுக்கு ஐந்து நூல், பக்க எண்ணோடும் இரண்டு வரிக் குறிப்போடும் போட்டால் நூற்றைம்பது. அடுத்த வருஷம் ஊரிலிருந்து வருகிற தங்கை நான் தொடங்கிய இடத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

வாசலில் கேள்வி கேட்ட தம்பியே முதல் புத்தகத்தைத் தட்டட்டும். பக்கத்தில் நான் உட்கார்ந்துகொள்கிறேன்.