திசைவியும் நிலைப்பொருளும்: பேணுவோர் யார்?

வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் இடைப்பட்டதை நிலைப்பொருள் என்கிறோம். நம் இல்லத்து ரூட்டரை, அதாவது கம்பியில்லாத் திசைவியை, இயக்குவது அதுவே. 2003இல் லிங்க்சிஸ் நிறுவனம், குனு பொது உரிமத்தின்படி, டபிள்யூஆர்டி54ஜி திசைவியின் மூலநிரலை வெளியிட்டது. அதன் வழியே 2004இல் ஓப்பன்டபிள்யூஆர்டி என்னும் மாற்று நிலைப்பொருள் பிறந்தது.

இரண்டில் எதனைத் தேர்வது? தயாரிப்பாளர் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை வழங்கும்வரை அவர் தருவதே பெரும்பாலோர்க்குப் போதும். அவை நின்றுவிட்டால், பழுதில்லாத திசைவியும் காவலற்ற வீடாகும். அப்போது மாற்றினை நாடலாம். ஆனால், நம் திசைவியின் மாதிரியும் பதிப்பெண்ணும் ஆதரவுப் பட்டியலில் உள்ளனவா என முதலில் சரிபார்த்தல் வேண்டும். பொருந்தாததை ஏற்றினால் திசைவி செயலிழக்கக்கூடும். நிறுவிய பின், புதுப்பிக்கும் பொறுப்பும் நம்முடையதாகும்.

பேசுவோர் பேணும்வரை மொழி வாழும், நிரலுக்கும் அஃதே. எனவே, தேர்வுக்கு முன் கேட்போம்: இதனைப் பேணுவோர் யார்?